எடுக்காத மாதிரிகள்: புள்ளியியல் மாணவருக்கு உதவுவது எப்படி

(கொச்சியின் சுள்ளிக்கலில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



பொருளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அறக்கட்டளையார் எனக்கே தந்தார்கள். இத்தகைய மேடைகளில் பெரும்பாலும் இலக்கியமும் வரலாறும் பேசப்படுகின்றன. நான் எடுத்துக்கொண்டிருப்பது கல்லூரிப் பாடம் ஒன்றில் பிள்ளைகள் சிக்கிக்கொள்ளும் ஓர் இடம். அது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கும் பெற்றோர் பலருடைய வீட்டில் இந்த ஆண்டே அந்தச் சிக்கல் இருக்கிறது. பி.எஸ்சி. புள்ளியியல் படிப்பவருக்கு மட்டும் உரியதல்ல அது. பி.காம்., உளவியல், செவிலியர் படிப்பு, எம்.பி.ஏ., மீன்வளம் என்று எதைப் படித்தாலும் புள்ளியியல் தாள் ஒன்று வந்து நிற்கிறது. மட்டாஞ்சேரியிலும் தோப்பும்படியிலும் வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், கல்லூரியில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளில் வளரும் பிள்ளைகள் இந்தத் தாளுக்காக இரட்டிப்பு உழைப்பு உழைப்பதை நான் அறிவேன்.

சராசரி, இடைநிலை, திட்ட விலக்கம் வரை யாரும் அதிகம் தவிப்பதில்லை. மாதிரிப் பரவல் என்ற தலைப்பு தொடங்கும்போதுதான் தடுமாற்றம் வருகிறது. பிள்ளைகள் ‘சாம்ப்ளிங் டிஸ்ட்ரிப்யூஷன்’ என்பார்கள். திட்டப்பிழை, டி சோதனை, கட்டின்மைக் கூறுகள், நம்பிக்கை இடைவெளி எல்லாம் அதன் மேல் கட்டியவை. அடித்தளம் புரியாவிட்டால் மேலே உள்ள எதுவும் நிற்காது. பிள்ளைகளும் சும்மா இருப்பதில்லை. மேல்வகுப்பு அண்ணன்களையும் அக்காக்களையும் கேட்கிறார்கள், டியூஷன் போகிறார்கள், விடையுடன் கூடிய பழைய வினாத்தாள்களை வாங்குகிறார்கள், கைப்பேசியில் கேட்கிறார்கள். உதவி தாராளமாகக் கிடைக்கிறது. மதிப்பெண்ணும் கிடைக்கிறது. புரிதல்தான் வருவதில்லை. ஏன் என்று கேட்டுப் பார்க்க வேண்டிய நேரம் இது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பாடத்தில் மாணவர் தடுமாறுவது கணக்கில் இல்லை. தன் கையில் இருக்கும் ஒரே ஒரு மாதிரியை, தான் எடுக்காத ஆயிரம் மாதிரிகளோடு சேர்த்து நினைக்கும்படி பாடம் அவரிடம் கேட்கிறது. அந்த எடுக்காத மாதிரிகளை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஆகவே உதவ வருபவர் முதலில் அவற்றை எடுத்துக் காட்ட வேண்டும். சூத்திரம் அதற்குப் பின் வர வேண்டும். இனிச் சொல்லப்போவதெல்லாம் இந்த ஒன்றை நிறுவுவதற்காகத்தான்.

1. உதவி கேட்டுப் போன ஒரு மதுவடிப்பாளர்

மாணவர்கள் ‘ஸ்டூடண்ட் டி’ என்று மனப்பாடம் செய்கிறார்கள். அந்த ஸ்டூடண்ட் என்பவர் வில்லியம் சீலி காசெட். 1876இல் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் வேதியியலும் கணிதமும் படித்து, 1899இல் டப்ளினிலுள்ள கின்னஸ் மதுவடிப்பு ஆலையில் சேர்ந்தார். பார்லியும் ஹாப்ஸ் பூவும் எந்த நிலத்தில் எப்படி விளைகின்றன, எது நல்ல மது தரும் என்று பார்ப்பது அங்கே அன்றாட வேலை. ஒவ்வொரு சோதனைக்கும் செலவு அதிகம். நான்கு, ஐந்து, பத்து முடிவுகளுக்கு மேல் கையில் சேராது. அன்றிருந்த முறைகளோ நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான அளவீடுகளுக்காக உருவானவை.

1905ஆம் ஆண்டு ஜூலையில் அவர் கார்ல் பியர்சனைப் போய்ப் பார்த்தார். பியர்சன் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பேராசிரியர். புள்ளியியலில் அவருக்கு மேல் அன்று ஆளில்லை. கோடை விடுமுறைக்காக இங்கிலாந்தின் ஒரு கிராமத்தில் தங்கியிருந்தார். காசெட் சைக்கிளில் அங்கே போனார். போகும்போது தன் கேள்விகளை எழுதிக்கொண்டு போனார் என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். அரைமணி நேர அளவில் பியர்சன் அன்று வழக்கிலிருந்த ஏறக்குறைய எல்லா முறைகளுக்கும் அவருக்கு வழிகாட்டிவிட்டார். பெரிய மனிதர் செய்த பெரிய உதவி அது. ஆனாலும் காசெட்டின் உண்மையான கேள்வி அப்படியே மீந்தது: நாலே நாலு அளவீடு இருந்தால் என்ன செய்வது? பெரிய மாதிரிகளோடு பழகிய பியர்சனுக்கு அந்தக் கேள்வியில் ஈர்ப்பு இல்லை.

ஆலை அவருக்கு விடுப்புத் தந்தது. 1906–07இல் அவர் பியர்சனின் ஆய்வுக்கூடத்துக்குப் போய் உட்கார்ந்து, தன் கேள்விக்குத் தானே விடை தேடினார். அவர் செய்த வேலையின் ஒரு பகுதியைப் பாடநூல்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. 3000 குற்றவாளிகளின் உயரமும் இடக்கை நடுவிரல் நீளமும் அடங்கிய பழைய அளவீட்டுப் பட்டியல் ஒன்று அச்சில் இருந்தது. அந்த 3000 பேரின் அளவுகளையும் 3000 அட்டைத் துண்டுகளில் எழுதினார். நன்றாகக் கலைத்தார். ஒவ்வொன்றாக எடுத்து நான்கு நான்காக அடுக்கினார். 750 மாதிரிகள் கிடைத்தன. ஒவ்வொன்றுக்கும் சராசரியும் திட்ட விலக்கமும் கணக்கிட்டு, சிறிய மாதிரிகளுக்கென்று தான் காகிதத்தில் கண்டுபிடித்த வளைகோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

கணிப்பொறி இல்லாத காலத்தில் 750 முறை! அந்த உழைப்பு வீண் பிடிவாதத்தில் செய்ததன்று. அவருடைய கணித நிறுவலில் இடைவெளிகள் இருந்தன. ஒரு கட்டத்தில் வளைகோட்டின் வடிவத்தை அவர் ஊகித்தே ஆக வேண்டியிருந்தது. ஊகம் சரியா என்று பார்க்க, எடுக்காத மாதிரிகளை அவர் எடுத்துப் பார்த்தார். கட்டுரை 1908இல் ‘பயோமெட்ரிகா’ இதழில் வந்தது. ஊழியர்கள் சொந்தப் பெயரில் ஆய்வு வெளியிட ஆலை இசையாததால் ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் வந்தது.

இந்தக் கதைக்கு ஒரு பின்பகுதி உண்டு. 1912இல் ரொனால்ட் ஃபிஷர் என்ற 22 வயது கேம்பிரிட்ஜ் இளைஞர் அதே முடிவுக்கு முழுமையான நிறுவலை எழுதிக் காசெட்டுக்கு அனுப்பினார். மாதிரியின் ஒவ்வோர் அளவையும் ஒரு திசையாகக் கொண்டு, பல பரிமாண வெளியில் வடிவியலால் நிறுவியிருந்தார். காசெட்டால் அதைத் தொடர முடியவில்லை. மூன்று பரிமாணங்களுக்கு மேல் தனக்குப் பழக்கமில்லை என்ற பொருள்பட எழுதி, பார்த்துச் சொல்லும்படி பியர்சனுக்கே அனுப்பினார். தன் புனைபெயரால் உலகம் அழைக்கும் பரவலின் நிறுவலைப் படிக்க அவருக்கே இன்னொருவர் துணை வேண்டியிருந்தது. மூன்றாம் பருவத்தில் அதே நிறுவலின் முன் உட்கார்ந்து தனக்கு மூளை இல்லை என்று அழும் பிள்ளைக்கு இந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும். நிறுவலுக்கு முன்பே காசெட்டுக்கு விஷயம் புரிந்திருந்தது. ஏனென்றால் அவர் அட்டைகளைக் கலைத்துப் பார்த்திருந்தார்.

2. ஐந்து படகுகள்

இப்போது அதே வேலையை நாம் சிறிய அளவில் செய்வோம். இந்த அரங்கிலிருந்து கிளம்பினால் தோப்பும்படி மீன்பிடித் துறைமுகம் பக்கம்தான். அங்கே ஒரு காலையில் ஐந்தே படகுகள் கரை சேர்ந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்கள் பாடத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. படகுகள் கொண்டுவந்த மீன் முறையே 12, 15, 9, 20, 14 கூடைகள். கூட்டினால் 70. சராசரி 14. இது உண்மை விடை; நமக்குத் தெரியும், ஆனால் கணக்கெடுக்கப் போன பெண்ணுக்குத் தெரியாது. அவளுக்கு இரண்டு படகுகளைப் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது.

அவள் எந்த இரண்டைப் பார்ப்பாள்? ஐந்தில் இரண்டைப் பத்து வழிகளில் எடுக்கலாம். பத்தையும் எழுதுவோம். 12, 15 என்றால் சராசரி 13.5. 12, 9 என்றால் 10.5. 12, 20 என்றால் 16. 12, 14 என்றால் 13. 15, 9 என்றால் 12. 15, 20 என்றால் 17.5. 15, 14 என்றால் 14.5. 9, 20 என்றாலும் 14.5. 9, 14 என்றால் 11.5. கடைசியாக 20, 14 என்றால் 17.

அவ்வளவுதான். பல்கலைக்கழகப் பாடநூல் மாதிரிப் பரவல் என்று சொல்வது இந்தப் பத்து எண்களின் பட்டியல். முழுப் பரவலும் ஒரு தாளில் அடங்கிவிட்டது. பத்தையும் கூட்டினால் 140. சராசரி மீண்டும் 14. குலுக்கல் முறையில் எடுத்தால் மாதிரிச் சராசரி ஒருபக்கமாகச் சாய்வதில்லை என்று பாடநூல் ஒரு தேற்றமாகச் சொல்வதை நாம் இப்போது கூட்டிப் பார்த்தே கண்டோம். அதே சமயம் அந்தப் பெண் துறைமுகத்திலிருந்து 10.5 என்ற விடையோடும் போகலாம், 17.5 என்ற விடையோடும் போகலாம். இந்த ஊசலாட்டத்தின் அளவுதான் திட்டப்பிழை. பத்துச் சராசரிகளும் 14இலிருந்து விலகும் தூரங்களை வர்க்கப்படுத்திச் சராசரி எடுத்தால் 4.95. அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 2.2 கூடை. திட்ட விலக்கம் படகுகளைப் பற்றியது; திட்டப்பிழை அவள் கொண்டுபோகும் விடையைப் பற்றியது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாத மாணவரைப் பார்ப்பது அரிது. ஆனால் இந்தப் பட்டியலைத் தன் கையால் எழுதியவர் பிறகு குழப்பிக்கொள்வதில்லை.

அடுத்து, அத்தனை பேரும் கேட்கும் கேள்வி: பரவற்படி, அதாவது விலக்கங்களின் வர்க்கச் சராசரி, கணக்கிடும்போது ஏன் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து வகுக்கிறோம்? பொதுவாகக் கிடைக்கும் உதவி, “கட்டின்மைக் கூறு ஒன்று போய்விட்டது, அதனால்” என்ற ஒரு வரி. அது சரியான வரிதான். ஐந்து படகுகளின் விலக்கங்கள் −2, 1, −5, 6, 0. கூட்டினால் எப்போதும் பூஜ்யம் வந்தே தீரும். நான்கைச் சொன்னால் ஐந்தாவது தானே தெரிந்துவிடும். ஆனாலும் இதைக் கேட்ட பிள்ளை, “சரி, அதனால் என்ன?” என்று மனத்துக்குள் கேட்டுக்கொண்டே எழுந்து போகிறது. அதற்கும் அந்தப் பத்து மாதிரிகளே பதில் சொல்லும்.

ஐந்து விலக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 66. நான்கால் வகுத்தால் 16.5, ஐந்தால் வகுத்தால் 13.2. இப்போது பத்து ஜோடிகளிலும் தனித்தனியே பரவற்படி கணக்கிடுங்கள். ஜோடியில் இரண்டே எண்கள் என்பதால் எளிது: வித்தியாசத்தை வர்க்கப்படுத்திப் பாதியாக்கினால் ஒன்று குறைத்து வகுத்த விடை, கால்பங்காக்கினால் குறைக்காமல் வகுத்த விடை. பத்து வித்தியாசங்கள் 3, 3, 8, 2, 6, 5, 1, 11, 5, 6. அவற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை 330. ஒன்று குறைத்து வகுத்த பத்து விடைகளின் சராசரி சரியாக 16.5! குறைக்காமல் வகுத்தவற்றின் சராசரி 8.25. முழுத் தொகுதியின் 13.2இலிருந்து அது வெகுவாகக் கீழே நிற்கிறது. மாதிரி தன் சொந்தச் சராசரியிலிருந்தே விலக்கத்தை அளக்கிறது. அந்தச் சராசரி எப்போதும் தன் எண்களுக்கு நடுவிலேயே இருக்கும். ஆகவே விலக்கம் உள்ளதைவிடக் குறைவாகத் தெரிகிறது. ஒன்றைக் குறைத்து வகுப்பது அந்தக் குறையைச் சரியாக ஈடுகட்டுகிறது. இந்தக் கணக்குக்கு அரை மணி நேரமும் ஒரு பென்சிலும் போதும்.

டி பரவல் ஏன் தேவைப்பட்டது என்பதும் இதே பட்டியலில் இருக்கிறது. 15, 14 என்ற ஜோடி அந்தப் பெண்ணின் கையில் சிக்கினால், அவள் தன் திட்டப்பிழையை 0.5 என்று மதிப்பிடுவாள்; படகுகள் எல்லாம் ஒரே மாதிரிதான் என்று நம்பிவிடுவாள். 9, 20 சிக்கினால் அதே மதிப்பீடு 5.5. இரண்டு ஜோடிக்கும் சராசரி 14.5 என்பதைப் பாருங்கள். விடை ஒன்று, அதன்மேல் வைக்கும் நம்பிக்கையோ பதினோரு மடங்கு வேறு. சிறிய மாதிரியில் சராசரி மட்டும் ஆடவில்லை, ஆட்டத்தை அளக்கும் கோலும் சேர்ந்து ஆடுகிறது. காசெட் கண்டது இதைத்தான். அதனால்தான் 95 விழுக்காடு நம்பிக்கைக்குப் பெரிய மாதிரியில் 1.96 என்று வைக்கும் பெருக்கெண், மாதிரி 30 ஆனால் 2.05, ஐந்து ஆனால் 2.78, இரண்டே ஆனால் 12.71 என்று உயர்கிறது. அட்டவணையைப் பார்த்து நிரப்புகிற பிள்ளைக்கு இந்த 12.71 அச்சுப்பிழைபோலத் தெரியும். பத்து ஜோடிகளையும் எழுதிய பிள்ளைக்கு அது நியாயமாகப் படும். ஓர் எச்சரிக்கை: டி அட்டவணை, முழுத் தொகுதி மிகப் பெரிது, இயல்நிலைப் பரவல் கொண்டது என்ற அனுமானத்தில் எழுந்தது. ஐந்து படகுக்கு அதை அப்படியே பொருத்தக் கூடாது. காரணத்தைக் காட்டத்தான் படகுகள்.

3. திருவனந்தபுரத்திலிருந்து ஒரு துணைச்செய்தி

அந்தப் பத்து வித்தியாசங்களை வர்க்கப்படுத்தாமல் அப்படியே சராசரி எடுத்தால் 5. இத்தாலியரான கொராடோ கினி 1912இல் முன்வைத்த ‘சராசரி வித்தியாசம்’ என்ற அளவை இதுதான். இந்த அளவையின் திட்டப்பிழை என்ன என்ற கேள்விக்கு 1936இல் பயோமெட்ரிகாவில் விடை எழுதியவர் நம் பக்கத்து ஆள், யு. சிவராமன் நாயர். பின்னாளில் 1945இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் துறையைத் தொடங்கி வளர்த்தவரும் அவரே. இன்று அது கேரளப் பல்கலைக்கழகத்தின் துறை. இந்தியாவின் பழைய புள்ளியியல் துறைகளுள் ஒன்று. இந்தப் பாடம் எங்கோ அயல்நாட்டில் பிறந்து நம்மேல் சுமத்தப்பட்டது என்று நினைக்கும் பிள்ளைகளுக்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

4. ஒரே மாதிரிதான் இருக்கிறது என்றால்?

கூர்மையான மாணவர் இங்கே ஒரு தடை எழுப்புவார். ஐந்து படகும் தெரிந்ததால் பத்து ஜோடிகளையும் எழுதினோம். நிஜத்தில் ஒரு ஜோடிதானே கையில் இருக்கும்? மற்ற ஒன்பதை எங்கே போய்ப் பார்ப்பது?

இந்தக் கேள்வி வந்துவிட்டால் உதவி பலித்துவிட்டது என்று நான் கொள்வேன். பதில் சொல்ல மறுபடியும் துறைமுகத்துக்கே போக வேண்டும். மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் 1947இல் தொடங்கி, 1971இல் தலைமையிடத்தைத் தமிழ்நாட்டின் மண்டபம் முகாமிலிருந்து கொச்சிக்கு மாற்றிக்கொண்டது. இந்தியக் கடற்கரையில் எவ்வளவு மீன் பிடிபடுகிறது என்று மதிப்பிடுவது அதன் முக்கியப் பணிகளில் ஒன்று. எல்லாக் கரையிலும் எல்லா நாளும் எல்லாப் படகையும் எண்ண யாராலும் முடியாது. ஆகவே கடற்கரை மண்டலங்களாகவும் காலம் மாதங்களாகவும் பிரிக்கப்படுகின்றன. ஒரு கரையும் ஒரு நாளும் சேர்ந்தது முதல்நிலை அலகு. அந்த நாளில் கரை சேரும் படகுகள் இரண்டாம் நிலை அலகு. இரண்டு நிலைகளிலும் மாதிரி எடுக்கிறார்கள்.

களப்பணியாளர் முதல் நாள் நண்பகல் 12 மணியிலிருந்து மாலை 6 வரையும், மறுநாள் காலை 6இலிருந்து 12 வரையும் கரையில் நிற்கிறார். இரவில் வந்தவற்றை விசாரித்து அறிகிறார். வந்த படகுகள் 15 வரை என்றால் எல்லாவற்றையும் பார்க்கிறார். 20 முதல் 29 வரை என்றால் இரண்டுக்கு ஒன்று, 30 முதல் 39 வரை என்றால் மூன்றுக்கு ஒன்று என்று போகிறது விதி. இந்தியக் கடல்மீன் பிடிப்பை மாதிரி முறையில் மதிப்பிடும் வழிகளைப் பற்றி பி.வி. சுகாத்மே, வி.ஜி. பான்சே, கே.வி.ஆர். சாஸ்திரி மூவரும் 1958இல் ‘பயோமெட்ரிக்ஸ்’ இதழில் எழுதியிருக்கிறார்கள். தோப்பும்படியில் ஐஸ் தூளுக்கு நடுவே நின்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருக்கும் ஒருவரைப் பார்த்தால், அவர் பாடநூலின் மாதிரி எடுத்தல் அத்தியாயத்தை நடத்திக்கொண்டிருக்கிறார் என்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

அவர் எடுப்பது ஒரு மாதிரிதான். அதன் பிழையை எப்படி அறிவது? ஒரு வழி, மாதிரிக்குள்ளேயே படகுக்குப் படகு, நாளுக்கு நாள் உள்ள வேறுபாட்டிலிருந்து கணக்கிடுவது. இன்னொரு வழியைக் காட்டியவர் பி.சி. மஹலனோபிஸ். 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியவர். 1937இலிருந்து வங்காளத்தில் சணல் எத்தனை நிலத்தில் பயிராகிறது என்று மாதிரி முறையில் அளந்தபோது, ஒரே பரப்பில் இரண்டு தனித்தனி மாதிரிகளை ஒன்றுக்குள் ஒன்று ஊடாடும்படி எடுத்து, இரண்டு வேறு குழுக்களிடம் கொடுத்தார். இரண்டு விடைகளும் எவ்வளவு விலகுகின்றன என்று பார்த்தார். அந்த விலகலில் குலுக்கலால் வரும் பிழையும் தெரியும், அளந்தவர்களின் கவனக்குறைவும் தெரியும். எடுக்காத மாதிரியில் ஒன்றையாவது எடுத்துப் பார்த்துவிடுவது என்ற எளிய, துணிவான யோசனை அது. வகுப்பில் இருபது பேர் இருந்தால் பத்துப் பத்தாகப் பிரித்து இதையே செய்யலாம்.

1979இல் பிராட்லி எஃப்ரான் ‘பூட்ஸ்ட்ராப்’ என்ற முறையைத் தந்த பிறகு மூன்றாவது வழியும் திறந்தது: இருக்கும் ஒரு மாதிரியிலிருந்தே, எடுத்ததைத் திரும்பப் போட்டு, அதே அளவு மாதிரிகளை ஆயிரக்கணக்கில் மறுபடி மறுபடி எடுப்பது. ‘ஆர்’ என்ற புள்ளியியல் மென்பொருளில் இது கண்ணிமைக்கும் நேர வேலை. காசெட்டின் 750 இன்று பதினாயிரமாகலாம். மென்பொருளைக் கற்பிக்கும் இடங்களில் இதை முதல் வேலையாகச் செய்யச் சொல்ல வேண்டும் என்பது என் அழுத்தமான எண்ணம். மாறாக இப்போது நடப்பது, பட்டனைத் தட்டி ‘பி-மதிப்பு 0.03’ என்று வரவழைத்து, 0.05ஐவிடக் குறைவு, ஆகவே வித்தியாசம் ஏதும் இல்லை என்னும் இன்மை எடுகோளை மறுக்கிறோம் என்று எழுதுவது. அந்த 0.03, இன்மை எடுகோள் உண்மையாக இருக்கும் ஓர் உலகில், எடுக்காத மாதிரிகளில் நூற்றுக்கு மூன்று இந்த அளவுக்கோ இதற்கு மேலோ விலகியிருக்கும் என்று சொல்கிறது. அந்த உலகத்தைக் கட்டி, அதிலிருந்து மாதிரிகளை எடுத்துப் பார்க்காதவருக்கு இந்த வாக்கியம் வெறும் சத்தம்.

5. கேள்வி கேட்ட மாணவர்

இதுவரை உதவுபவர் செய்ய வேண்டியதைச் சொன்னேன். கேட்பவர் பக்கம் வருகிறேன். இங்கேதான் நம் வீடுகளில் மாற வேண்டியது அதிகம் என்று நினைக்கிறேன்.

கல்யம்பூடி ராதாகிருஷ்ண ராவ், சி.ஆர். ராவ் என்று உலகம் அறிந்தவர், 1943இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. புள்ளியியல் முடித்தார். உடனே அங்கேயே பாடம் நடத்தத் தொடங்கினார். ஒருநாள் மதிப்பீட்டுக் கோட்பாடு வகுப்பு. ஃபிஷர் சொன்ன முடிவு ஒன்றைக் கற்பித்துக்கொண்டிருந்தார்: மாதிரி மிகப் பெரிதாகும்போது, ஒரு மதிப்பீட்டின் பரவற்படி ஒரு குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே போகாது. வகுப்பிலிருந்த வி.எம். தாண்டேகர் எழுந்து கேட்டார்: மாதிரி சிறியதாக இருந்தால் இதுபோல ஓர் எல்லை உண்டா? ராவிடம் அன்று விடை இல்லை. வீட்டுக்குப் போய் இரவு முழுக்க உட்கார்ந்து நிறுவிவிட்டு, மறுநாள் வகுப்பில் எழுதிக் காட்டினார். ராவே பின்னாளில் சொன்ன செய்தி இது.

அந்த முடிவு 1945இல் கல்கத்தாக் கணிதக் கழகத்தின் இதழில் வந்த கட்டுரையில் இருக்கிறது. இன்று கிராமர்–ராவ் சமனிலி என்று உலகெங்கும் கற்பிக்கிறார்கள். ராவ்–பிளாக்வெல் தேற்றமும் அதே கட்டுரையில் முளைத்ததுதான். அக்கட்டுரை வந்த ஆண்டில்தான் அவருக்கு 25 வயது நிறைந்தது. 2023இல், 102 வயதில், பன்னாட்டுப் புள்ளியியல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் மறைந்தார். கேள்வி கேட்ட தாண்டேகர் பொருளியலறிஞரானார்; நீலகண்ட ரத்துடன் சேர்ந்து இந்திய வறுமையைப் பற்றி 1971இல் அவர் வெளியிட்ட நூல் நம் நாட்டில் வறுமைக்கோடு பற்றிய விவாதங்களுக்கு அடிப்படைகளில் ஒன்று.

தாண்டேகர் கேட்டதைக் காசெட் கேட்டதோடு வைத்துப் பாருங்கள். இருவர் கேள்வியும் ஒன்றே: பெரிய மாதிரிக்குச் சொல்கிறீர்கள், சிறிய மாதிரிக்கு என்ன? கையில் இருக்கும் நிலைமைக்கும் பலகையில் எழுதிய சூத்திரத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் காட்டிக் கேட்ட கேள்வி அது. “சார், இந்தப் பாடம் புரியவில்லை” என்று வரும் பிள்ளைக்கு உதவுவது கடினம். “இந்த வரிவரை புரிகிறது, அடுத்த வரியில் ஐந்துக்குப் பதில் நான்கு எப்படி வந்தது?” என்று வரும் பிள்ளைக்கு எந்த ஆசிரியரும் உதவ முடியும். அப்படிக் கேட்கப் பழக்க வேண்டும். கேட்டால் மட்டமாக நினைப்பார்களோ என்ற அச்சம் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளிடம் அதிகம். அவர்கள் வீட்டில் விடை தெரிந்தவர் இல்லாமல் இருக்கலாம். ஆனால், “எந்த வரியில் நின்றுபோனாய், காட்டு” என்று கேட்க அப்பாவுக்கோ அம்மாவுக்கோ புள்ளியியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஆசிரியர் பக்கத்திலும் ஒன்று. ராவ் அன்று, “அது பாடத்திட்டத்தில் இல்லை, உட்கார்” என்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்று ஒப்புக்கொண்டு கேள்வியை வீட்டுக்கு எடுத்துப் போனார். எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், கேள்வியைத் தன்னோடு எடுத்துப் போகத் தயாராக இல்லாதவரிடம் பிள்ளைகளை உதவிக்கு அனுப்புவதில் பயன் குறைவு.

6. அறக்கட்டளையாரிடம் ஒரு கோரிக்கை

முதல் மதிப்பெண் வாங்குபவருக்குப் பரிசு தருவது நல்ல வழக்கம், தொடரட்டும். அதோடு இன்னொன்றுக்கும் இடம் தாருங்கள். வாரம் ஒரு மாலை, இரண்டு மணி நேரம், ஒரு நீண்ட மேசை. முதுகலை படிக்கும் இரண்டு பேரை உட்கார வையுங்கள். அவர்கள் நேரத்துக்கு ஒரு தொகை கொடுங்கள், இலவசமாகக் கேட்காதீர்கள். கொச்சின் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் துறை இருக்கிறது. களமசேரியிலிருந்து வர அவர்களுக்குப் பேருந்துக் கட்டணமும் சேர்த்துத் தாருங்கள். எந்தக் கல்லூரிப் பிள்ளையும் வரலாம். தமிழில், மலையாளத்தில், எதில் வாய் வருகிறதோ அதில் கேட்கலாம்.

மேசைக்கு மூன்று விதிகள் போதும். வருபவர் தான் நின்றுபோன வரியை எழுதிக்கொண்டு வர வேண்டும். உதவுபவர் சூத்திரத்தைச் சொல்லும் முன் ஒரு சிறிய தொகுதியிலிருந்து எல்லா மாதிரிகளையும் எழுத வைக்க வேண்டும்; ஐந்து எண்கள் போதும், படகாக இருந்தாலும் சரி, மாமாவின் கடையில் ஐந்து நாள் விற்பனையாக இருந்தாலும் சரி. அன்று விடை தெரியாத கேள்விகள் ஒரு நோட்டில் பதிவாகி, அடுத்த வாரம் அதிலிருந்தே மேசை தொடங்க வேண்டும். மேசையில் வெட்டிய அட்டைத் துண்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கட்டும். ஒரு மடிக்கணினி இருந்தால் நல்லது. ஆனால் அட்டைகளைக் கலைத்து முடித்த பிறகே அதைத் திறக்க வேண்டும்.

பருவத் தேர்வுகள் வருமுன் இதைத் தொடங்க முடியுமானால் முதல் மாலை நானே வந்து உட்காருகிறேன். கட்டின்மைக் கூறுகளிலிருந்து தொடங்கலாம். அதில்தான் கூட்டம் அதிகமிருக்கும்.